கயிறு பிடித்தவள்

1989ஆம் ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள், எங்கள் வீட்டுக்கு ஓர் இத்தாலிக்காரர் வந்தார். எனக்கு அப்போது பதிமூன்று வயது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் திருவிழாவைப் பார்க்க வந்தவர், சுவாமிக்கு முன்னால் வாசித்த நாயனக்காரரிடம், இந்தக் கருவியைச் செய்கிறவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நாயனக்காரரும் அவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன்தான் மொழிபெயர்ப்பாளர்.

கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம். அதுதான் பட்டறை. அப்பாவின் சொந்த ஊர் நரசிங்கம்பேட்டை. ஆடுதுறை தாண்டி, மாயவரம் போகும் சாலையில் இருக்கும் சின்ன ஊர். நாயனம் என்றால் அந்த ஊர்தான். அப்பா தன் பெரியப்பாவிடம் தொழில் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் தனியாகப் பட்டறை போட்டவர்.

வந்தவர் வாயில் ஒரு புகைக்குழாய் இருந்தது. சினிமாவில் பணக்கார அப்பாக்கள் வைத்திருப்பார்களே, அதுபோல. அப்பா முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, அந்தக் குழாயைத்தான். "அதக் கொஞ்சம் கேளு தம்பி" என்றார். அவர் சாம்பலைத் தட்டிவிட்டு, துடைத்துக் கொடுத்தார். அப்பா வாயில் வைக்கும் பகுதியைத் திருகிக் கழற்றினார். மீதியை வானத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். நாயனத்தின் துளையைப் பார்ப்பதும் அப்படித்தான்.

"துளை நேரா வந்து கிண்ணத்தோட அடியில சரியா விழுது பாரு. கை நல்ல கை" என்றார்.

பிறகு என்ன மரம் என்று கேட்டார். மரம் இல்லை, ஒரு புதரின் வேர் முண்டு என்று பதில் வந்தது. கடலோரக் குன்றுகளில் வளரும் பிரையர் என்ற செடி. வேரும் தண்டும் சேருமிடத்தில் உருண்டு திரளும் கட்டையைத் தோண்டி எடுத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, சாற்றை வெளியேற்றி, பிறகு ஆண்டுக்கணக்கில் காயப்போடுவார்கள். அப்படிச் செய்தால்தான் உள்ளே நெருப்பு எரிந்தாலும் கட்டை கருகாது.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கும் பச்சை மரம் ஆகாது. நாயனத்துக்கு ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பழைய மரமாக இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் பழைய வீட்டை இடித்தாலும் அப்பா அங்கே போய் நிற்பார். எழுபது, எண்பது வருடம் கூரையைத் தாங்கி நின்ற தூணையும் உத்திரத்தையும் விலைபேசி வண்டியில் ஏற்றிவருவார். மரம் தன் ஈரத்தையெல்லாம் விட்டுவிட்ட பிறகுதான் மனிதர்களின் மூச்சு ஈரத்தைத் தாங்கும் என்பார்.

"நம்ம வேலையேதான். நாம ஊதுறதுக்குச் செய்யறோம், அவங்க இழுக்குறதுக்குச் செய்யறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்தார்.

திண்ணையிலிருந்த பாட்டியும் விடவில்லை. வந்தவரின் புகையிலைப் பையை வாங்கி மோந்து பார்த்து, "வாசனையாத்தான் இருக்கு. மெல்லலாமான்னு கேளு" என்றாள்.

அப்புறம் அப்பா வேலையைக் காட்டினார். கடைசலில் ஒரு கட்டை மாட்டியிருந்தது. எதிரே வழக்கம்போல அம்மா உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். அப்பா உளி வைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவர், அம்மாவைக் காட்டி ஏதோ கேட்டார். "அவங்களும் இந்தக் கலைஞர்தானான்னு கேக்குறாரு" என்றான் பையன்.

அப்பா உளியை எடுக்காமலே சொன்னார். "அவ சும்மா கயிறு புடிக்கிறா."

அம்மா அதற்கும் சிரித்தாள். கயிற்றை விடவில்லை.

*

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்று அந்தக் கடைசல் அநேகமாக எங்கும் இல்லை.

இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே கட்டையை மாட்டி, அதன்மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரு நுனியையும் இரண்டு கையில் பிடித்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளி படும், பின்னால் திரும்பும்போது உளி விலகும். ஆக, இழுக்கிறவர் கைக்கும் செதுக்குகிறவர் கைக்கும் ஒரே தாளம் இருக்க வேண்டும். மரத்தில் கணு வரும் இடத்தில் இழுப்பு தளர வேண்டும். வழவழப்பாக்கும்போது ஒரே சீராக வேகம் கூட வேண்டும்.

துளைபோடும்போதுதான் உயிர்போகிற வேலை. நாயனத்தின் துளை மேலே ஒடுக்கமாகத் தொடங்கிக் கீழே போகப் போக அகலும். நீளமான துளைக்கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்த வேண்டும். கட்டையோ இரண்டடிக்கு மேல் நீளம். கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தால் போதும், துளை கோணிவிடும். பிறகு எத்தனை சுரத்துளை போட்டாலும் சுருதி நிற்காது, அடுப்பெரிக்கத்தான் ஆகும். எங்கள் பட்டறையில் அப்படி அடுப்புக்குப் போன கட்டைகள் மிகச் சில. அதில் அப்பாவுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் பாதி அம்மாவின் தோளுக்குச் சேர வேண்டியது என்று நான் அப்போது நினைத்ததில்லை.

அம்மாவுக்குக் காது உண்டு. கட்டை சுழலும் சத்தத்தை வைத்தே, "உள்ள விரிசல் இருக்குங்க, நிறுத்துங்க" என்பாள். அப்பா நிறுத்திப் பார்ப்பார். விரிசல் இருக்கும். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு கட்டை எடுப்பார். அம்மா சொல்லித்தான் தெரிந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. பொறாமையால் அல்ல. சொல்ல வேண்டிய ஒரு விஷயமாக அது அவருக்குத் தோன்றவேயில்லை.

மாதத்தில் மூன்று நாள் அம்மா பட்டறைக்குள் வரக்கூடாது. அந்த மூன்று நாளும் தெருக்கோடிப் பையன் ஒருவன் கயிறு இழுக்க வருவான். சாயங்காலம் அப்பா அவனுக்குக் கூலி எண்ணிக் கொடுப்பார். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதத்தில் இருபத்தேழு நாள் அவள் செய்யும் வேலைக்கு என்ன விலை என்பது, அதைச் செய்ய அவளுக்கு அனுமதி இல்லாத மூன்று நாளில்தான் எங்கள் வீட்டில் தெரியும்.

1992இல் மோட்டார் வாங்கினோம். கடன் வாங்கித்தான் வாங்கினோம். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிப் பட்டறையில் இறக்கினார்கள். அன்று பட்டறையைவிட்டு வெளியே வந்த அம்மாவுக்குக் கற்பூரம் யாரும் காட்டவில்லை. தோள்வலி தீர்ந்ததில் அவளுக்கு நிம்மதி என்று நினைத்தோம். நிம்மதியும் இருந்திருக்கும். ஆனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். "அதுக்குக் காது இல்ல" என்றாள் ஒருமுறை.

நானும் யோக்கியம் இல்லை. பள்ளிக்கூடப் படிவங்களில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் என் கையால் "இல்லத்தரசி" என்று எழுதியிருக்கிறேன். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையால்தான் அம்மா அதில் கையெழுத்துப் போட்டாள்.

*

அந்த இத்தாலிக்காரர் போகும்போது அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். தன் குழாய் செய்யப்பட்ட ஊரின் பெயரையும் பட்டறையின் பெயரையும் எழுதியிருந்தார். கந்து, கஸ்தெல்லோ. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். பல வருடம் கழித்து நான் அதைத் தேடி எடுத்தேன், அந்தப் பட்டறையைப் பற்றிப் படித்தேன்.

மிலான் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது கந்து. இத்தாலியில் குழாய்த் தொழில் அதற்கு முன்பே உண்டு. சவினெல்லி என்ற குடும்பம் மிலானில் 1876லேயே கடை திறந்துவிட்டது. கார்லோ ஸ்கோத்தி என்பவர் 1947இல் கந்துவில் தொடங்கிய சிறு பட்டறைதான் கஸ்தெல்லோ. கட்டையைப் பல வருடம் காயவைத்து, ஒவ்வொரு குழாயாகக் கையால் செய்து பெயர் வாங்கினார். குழாய் பிடிப்பவர்கள் அவர் பெயரைச் சொல்வது, நம் ஊர் நாயனக்காரர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பெயரைச் சொல்வதுபோல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நாயனத்துக்கு உருவம் கொடுத்தவர் ரங்கநாதன் ஆசாரி. உச்சஸ்தாயியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தின் இடத்துக்கு, நீண்டு, கனத்து, சுருதி தாழ்ந்து ஒலிக்கும் பாரி வந்தது. சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. அவர் கடைந்தபோது கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பது மட்டும் நான் படித்த எதிலும் இல்லை.

ஸ்கோத்திக்குப் பிறகு கஸ்தெல்லோ பட்டறையை நடத்தியவர் பிராங்கோ கோப்போ. கீனோ என்று செல்லமாக அழைப்பார்கள். அவர் யார் என்றால், ஸ்கோத்தியின் மருமகன்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். மருமகன் என்ற சொல்லைப் பாருங்கள். மகளைக் கட்டியதால்தான் ஒருவர் மருமகன் ஆகிறார். ஆனால் சொல்லுக்குள் மகன் இருக்கிறான், மகள் இல்லை. தொழில் அப்பாவிடமிருந்து அவருக்குப் போகும் வழியில் ஒரு பெண் நிற்கிறாள். இந்தப் பக்கம் ஊதினால் அந்தப் பக்கம் வரும் துளையைப்போல நிற்கிறாள்.

கந்துவுக்கு இன்னொரு புகழும் உண்டு. லேஸ். மெத்தைபோன்ற ஒரு திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னியவர்கள் பெண்கள், வீட்டில் உட்கார்ந்தபடி. குழாயின் தண்டில் பட்டறையின் முத்திரை அடித்திருக்கும். லேஸில் முத்திரை அடிக்க இடம் ஏது? ஊரின் பெயர் மட்டும் அதற்கு உண்டு.

கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோது ஆசிரியை ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ஜெர்மன் நாட்டுச் சமூகவியலாளர் மரியா மீஸ், கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கும் நரசாப்பூரின் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதி 1982இல் வெளிவந்த நூல். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போனது. வியாபாரம் செய்த ஆண்கள் முன்னேறினார்கள். பின்னியவர்களோ தொழிலாளிகள் என்றே எண்ணப்படவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்பதே எல்லோருடைய கணக்கும். அந்தக் கணக்கால்தான் கூலியை அவ்வளவு குறைவாக வைக்க முடிந்தது என்கிறார் மீஸ். ஒரு பெண்ணை இல்லத்தரசி என்று அழைத்துவிட்டால் அவள் செய்யும் வேலை வேலையாக இல்லாமல் போய்விடுகிறது.

வகுப்பில் அதைக் கேட்டபோது முகம் சூடாகிப்போனது. என் பள்ளிப் படிவங்கள் நினைவுக்கு வந்தன.

*

வேலை ஒருபுறம் இருக்க, உதட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

பாட்டி வாழ்நாள் முழுக்கப் புகையிலை போட்டாள். அவள் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் இடுப்பில் வெற்றிலையும் புகையிலையும் முடிந்துகொண்டுதான் வயலில் இறங்குவார்கள். பசி அடங்கும், முதுகுவலி மறக்கும். அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. கூலி கொடுப்பவருக்கும் அது வசதிதான். பாட்டி கடைசியில் வாய்ப்புற்றில்தான் போய்ச்சேர்ந்தாள். அந்தப் புகையிலையையே ஒரு பெண் பற்றவைத்து இழுத்தால் ஊர் கூடிவிடும். நஞ்சு ஒன்றுதான். பசியை அடக்க மென்றால் ஊர் பார்க்காது, காலை நீட்டி உட்கார்ந்து இழுத்தால் பார்க்கும்.

நாயனத்துக்கும் அப்படி ஒரு சட்டம். சிறுவயதில் நான் எண்ணெய் பூசியிருக்கிறேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன், அணசைப் பொருத்தும்போது பிடித்திருக்கிறேன். ஒருநாள் சீவாளியைச் செருகி வாயில் வைத்தேன். அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டது. "பொட்டச்சி எச்சில் பட்டா அது கோயிலுக்கு ஆகுமா?" அவர் கோபக்காரர் அல்ல. அதனால்தான் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கோயில் இசையைப் பெரிய மேளம், சின்ன மேளம் என்று பிரித்துவைத்திருந்த நாடு இது. நாயனமும் தவிலும் பெரிய மேளம், அது ஆண்களுக்கு. சதிர் சின்ன மேளம், அது பெண்களுக்கு. பெயரிலேயே பெரியது, சின்னது வந்துவிட்டது. இந்தக் கோட்டைத் தாண்டி வாசித்த பெண்கள் உண்டு. மதுரையில் எம்.எஸ். பொன்னுத்தாயி கையில் நாயனம் எடுத்து, கோயில்களிலும் மேடைகளிலும் பெயர் எடுத்தார். கணவர் இறந்தபின், கைம்பெண் மங்கல வாத்தியம் வாசிக்கலாகாது என்ற வழக்கம் அவர் வாசிப்பை நிறுத்தியது. வித்தை அவரிடம்தான் இருந்தது, மூச்சும் அவருடையதுதான். மங்கலம் மட்டும் கணவருடையது என்று ஊர் தீர்மானித்துவிட்டது. பிறகு வந்த காலீஷாபி மெகபூப் தன் கணவர் ஷேக் மெகபூப் சுபானியோடு சேர்ந்து வாசித்து, 2020இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். வாசிக்கும் பெண்களுக்கு இவ்வளவாவது வரலாறு இருக்கிறது. செய்யும் பெண்களுக்கு அதுகூட இல்லை. கயிறு இழுத்த கையை யார் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

*

1998 ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பட்டறையில் ஒரு நாயனம் பாதியில் நின்றது. துளை போட்டாயிற்று, வெளிச்சுற்றும் கடைந்தாயிற்று. சுரத்துளைகள் பாக்கி. அணசும் பாக்கி. முன்பணம் கொடுத்த வித்வான் தை மாதக் கல்யாணங்களுக்கு அதைத்தான் நம்பியிருந்தார்.

நாங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் பட்டறையில் விளக்கு எரிந்தது.

நாயனத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அதற்குக் கீழே சுருதியைத் திருத்துவதற்காக ஐந்து. எது எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு மூங்கில் அளவுகுச்சி இருந்தது, அப்பாவின் பெரியப்பா கொடுத்தது. குச்சி அளவு சொல்லும். ஆனால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. எங்கே ஒரு மயிரிழை தள்ள வேண்டும் என்பதைக் குச்சி சொல்லாது. அம்மா கட்டையை மடியில் வைத்து விரல் நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டாள். குச்சியை வைத்துக் குறித்தாள். இரண்டு இடங்களில் குறியைத் தள்ளிப் போட்டாள். கட்டிலில் படுத்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்குப் பேச்சு குழறும். குறிகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு நாளில் நாயனம் முடிந்தது. வித்வான் வந்தார். எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் தோடி வாசித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "ஆசாரி கைன்னா ஆசாரி கைதான். படுத்த பிறகும் பேசுது பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுக்களைக்கு வந்ததும், "அப்பா செஞ்சதுன்னே இருக்கட்டும். பொம்பள செஞ்சதுன்னா எடுத்துட்டுப் போவாரா? அப்புறம் மருந்துக்கு என்ன பண்றது?" என்றாள். அணசின் உள்விளிம்பில் அப்பா பெயரின் முதல் எழுத்தை அவள்தான் செதுக்கியிருந்தாள். அவளுக்கு அந்த எழுத்து அத்துப்படி.

அடுத்த வருடம் பட்டறை அக்காவின் கணவருக்குப் போனது. எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அத்தான் நல்ல மனிதர். நாற்காலியும் பீரோவும் செய்துகொண்டிருந்தவர், இரண்டு வருடம் அப்பாவோடு இருந்து பழகியிருந்தார். பட்டறை யாருக்கு என்ற பேச்சில் அம்மா பெயர் வரவேயில்லை. அக்கா பெயரும் என் பெயரும்கூட வரவில்லை. சண்டை நடந்து தோற்றிருந்தால்கூடக் கதை சொல்ல ஏதாவது இருந்திருக்கும். சண்டையே நடக்கவில்லை. அத்தான் சுரத்துளை போடும் நாட்களில் மட்டும் கொல்லை வாசலில் வந்து நின்று, "அத்தை, இதக் கொஞ்சம் பாருங்க" என்பார். அம்மா தட்டிப் பார்த்துச் சொல்லுவாள். காகிதத்தில் படித்தேனே, கந்துவில் ஒரு மருமகன் என்று. எங்கள் வீட்டிலும் ஒரு மருமகன்.

2001இல் அப்பா போனார். அதற்குப் பிறகு புதுக் கட்டைக்குப் பூஜை போடும் நாளில் அம்மா பட்டறைப் பக்கம் போவதில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவளாகவே போகவில்லை. முதலில் மாதத்துக்கு மூன்று நாள் விலக்கிவைத்தது உடம்பைக் காட்டி. இப்போது தாலியைக் காட்டி. மோட்டாருக்கு இந்த இரண்டும் கிடையாது.

*

2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அம்மாவுக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். ஆச்சா மரம், அணசு, துளை எல்லாம் வந்திருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவள், "கயிறு போட்டிருக்கா?" என்றாள்.

போடவில்லை. மோட்டார் வந்துவிட்ட காலம், போடமாட்டார்கள்.

அந்தக் கேள்விதான் என்னை ஒரு படிவத்துக்கு இழுத்துச் சென்றது. வயதான கைவினைஞர்களுக்கான உதவிக்கு அம்மா பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தேன். ஓர் அலுவலகத்தில் படிவம் வாங்கப் போனபோது, "அப்பாதானே ஆசாரி? அம்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்கள். என் வாயில் முதலில் வந்த சொல் "ஒத்தாசை". சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை படித்தும், மரியா மீஸையும் தெரிந்துகொண்டும், அப்பாவின் "சும்மா" என் வாய்க்குள்தான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தேன். தொழில் என்ற கட்டம். "அம்மா, நாயனம் செய்தல்னு போடப்போறேன்" என்றேன். முந்தைய படிவங்களுக்கெல்லாம் சேர்த்துக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்ற வேகம் எனக்கு.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்படிப் போடாத. சீவாளி எனக்குத் தெரியாது, அது ஆவடுதுறைக்காரங்க வேலை. கெண்டையும் நான் செஞ்சதில்ல. உலவும் அணசும்னு போடு. கயிறு புடிச்சது பதினேழு வருஷம், அதத் தனியா எழுது."

கட்டம் சின்னதாக இருந்தது. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இடம் பார்த்து எழுதினேன். அவள் வாங்கி ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.